உயிர்த்துடிப்பை நாடிய ஜகதீச சந்திர போஸ்

பாரதம் ஈன்ற விஞ்ஞான மேதைகளுள் முன்வரிசையில் வைத்துப் போற்றத்தக்கவர் ஆச்சாரியார் ஜகதீச சந்திர போஸ். வங்காளத்தில் 1858 ஆம் ஆண்டு நவம்பர் 30 ஆந் திகதி பிறந்தார். தந்தையார் பகவான் சந்திரர் அரசாங்க உத்தியோகத்தர்; ஆயினும் மகனை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பாது தாய்மொழிப் பள்ளிக்கே முதலில் அனுப்பினார். மீனவர் மகனும் வேலைக்காரர் மகனும் அவருடன் ஒரே வாங்கிலிருந்து பயின்றனர்.

கேம்பிறிட்ஜில் கற்று மீண்ட போஸ், 1885 இல் கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியில் பேராசிரியரானார். இந்தியர் என்பதால் வெள்ளையரினும் குறைந்த சம்பளமே அவருக்கு விதிக்கப்பட்டது. அவர் அதனைத் தொடவில்லை, கடமையையும் விடவில்லை. மூன்றாண்டு ஊதியமின்றிக் கற்பித்தார். ஈற்றில் முழுச் சம்பளமும் நிலுவையுடன் கிடைத்தது. அதனைக்கொண்டு தந்தையாரின் கடனைத் தீர்த்தார்.

மின்சாரம் பட்டால் தசை துடிக்கும் என்பதை இத்தாலிய அறிஞர் கல்வானி தவளைக் கால்களிற் கண்டு 1791 இல் வெளியிட்டார். நம் முழங்காலின் பின்புறத்து நரம்பை மின்சாரத்தால் மெல்லத் தூண்டினால் கெண்டைக்காற் தசை இருமுறை துடிக்கக் காணலாம். முதற் துடிப்பு நரம்புவழி நேரே சென்ற செய்தியால் வருவது. அடுத்தது முண்ணாண்வரை சென்று மீண்ட செய்தியால், ஏறத்தாழ ஒரு வினாடியின் முப்பதிலொரு பங்கு நேரத்தில் வருவது. மனத்தின் கட்டளை வேண்டாத இச்செயலே தெறிவினை. இதனை 1910 இல் விளக்கியவர் ஜெர்மானியரான ஹொஃப்மன்.

போஸ் கேட்ட கேள்வி இதனினும் துணிவானது. தசைக்குள்ள இத்துடிப்பு செடிக்கும் உண்டா? வேலியோரத்துத் தொட்டாற்சுருங்கியையே அவர் ஆய்வுக்கு எடுத்தார். மின் தூண்டலுக்கு அதன் இலைக்காம்பு தாழ்வதையும், தூண்டல் செடியினூடே பரவும் வேகத்தையும் தாமே அமைத்த நுண்கருவிகளால் வரைந்து காட்டினார்.

1901 இல் இலண்டன் றோயல் சங்கத்தில் உடற்றொழிலியல் அறிஞர் அவரை எதிர்த்தனர். பௌதிக அறிஞர் தம் எல்லைக்குள் நிற்கவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். கட்டுரை அச்சேறவில்லை. போஸ் சோரவில்லை, அடுத்த ஆண்டே தம் முடிவுகளை நூலாக்கினார். அவரை மறுத்த அதே சங்கம் 1920 இல் அவரைத் தன் அங்கத்தவராக ஏற்றது.

அவர் கொண்ட முடிவெல்லாம் நிலைத்தன அல்ல. செடிக்கு நம்மைப்போல் நரம்பும் இல்லை, முண்ணாணும் இல்லை. இலைக்காம்பின் அடியிலுள்ள கலங்கள் நீரை இழப்பதாலேயே இலை தாழ்கிறது. ஆனால் அச்செய்தியைக் கொண்டுசெல்வதில் மின்துடிப்புக்குப் பங்குண்டு என்பதை இன்றைய விஞ்ஞானமும் ஒப்புகிறது.

பன்மையில் ஒருமை கண்ட நம் முன்னோர் நெறியே தமது ஆய்வின் ஊற்று என அவர் கருதினார். எனினும் அந்நெறியைச் சான்றாகக் காட்டி அவர் அமர்ந்துவிடவில்லை, பரிசோதனைக்கே உட்படுத்தினார். 1917 இல் கல்கத்தாவில் ஆய்வுநிலையம் நிறுவி, 1937 நவம்பர் 23 இல் மறைந்தார்.

முன்னோர் பெருமையைப் பேசி அமையும் நாம், அதனைச் சோதித்துப் பார்க்கும் துணிவையும் பெறுவோமாக. அவருக்கு நம் சங்கத்து இளைஞர் செய்யத்தக்க அஞ்சலி அதுவே.