அகதியாயிருந்து அகதிகளுக்கு அரணானவர்

தஞ்சம் கோரும் நம்மவர் வழக்குகளில் 1951 ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை இடையறாது பேசப்படுகின்றது. அது கைச்சாத்தானபோது அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் சபையின் முதலாவது உயர் ஸ்தானிகராக விளங்கியவர் கெரிட் யான் வான் ஹியூவன் கூட்ஹார்ட் என்னும் ஒல்லாந்தர். அவரும் ஒருகாலத்தில் நாட்டைவிட்டுத் தப்பியவரே என்பதை நம்மிற் பலர் அறிந்திரார்.

1901 இல் நெதர்லாந்தின் புஸ்ஸம் நகரிற் பிறந்த அவர், லைடன் பல்கலைக்கழகத்திற் சட்டம் பயின்று பத்திரிகைத் துறையிற் புகுந்தார். 'டி டெலிகிராப்' நாளிதழின் ஆசிரியராயிருந்தவர், ஹிட்லரை எதிர்த்த நிலைப்பாட்டினால் 1933 இல் அப்பதவியை இழந்தார். 1940 இல் ஜேர்மனியப் படைகள் நாட்டைக் கைப்பற்றிய பின்னர், தலைமறைவு ஏடான 'ஹெட் பரோல்' குழுவில் இணைந்தார். 1944 இல் ஸ்பெயின் வழியாகத் தப்பி இலண்டனை அடைந்து, அங்கு இயங்கிய நாடுகடந்த அரசில் நீதி அமைச்சரானார். போர் முடிந்ததும் அதே ஏட்டுக்கு ஆசிரியராகவும், பின்பு நாடாளுமன்ற மேற்சபை உறுப்பினராகவும் பணியாற்றினார்.

1950 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை அவரை உயர் ஸ்தானிகராகத் தெரிவுசெய்தது. புதிய அலுவலகத்துக்கு வழங்கப்பட்ட ஆயுள் மூன்றே ஆண்டுகள். முதலாண்டு வரவுசெலவு 3 இலட்சம் டொலர். அகதிகளின் உரிமைக்காக வாதாடலாம். அவர்களுக்கு உணவும் உறையுளும் அளிக்கவோ நிதியில்லை. போர் முடிந்து ஆண்டுகள் பல கடந்தும் ஐரோப்பிய முகாம்களிற் பல்லாயிரவர் முடங்கிக் கிடந்த காலம் அது. வெறுங்கையுடன் அவர்கள் முன் நிற்க அவர் விரும்பவில்லை. அரசுகளிடம் மட்டுமன்றித் தனியார் நிறுவனங்களிடமும் உதவி கேட்டார். 1952 இல் அமெரிக்காவின் போர்ட் அறக்கட்டளை ஏறத்தாழ 30 இலட்சம் டொலர் வழங்கியது.

1954 ஆம் ஆண்டுக்கான சமாதான நோபல் பரிசு அவ்வலுவலகத்துக்குக் கிடைத்தது. 1955 இல் ஒஸ்லோவில் அதனை அவர் பெற்றுக்கொண்டார். பரிசுப் பணம் கிரேக்கத்தின் டினோஸ் தீவு முகாமில் வாடிய அகதிகளுக்குச் சென்றது.

1956 ஜூலை 8 இல், பதவியிலிருக்கும்போதே, ஜெனீவாவில் அவர் காலமானார். சில மாதங்களில் ஹங்கேரியிலிருந்து சுமார் இரண்டு இலட்சம் மக்கள் வெளியேறியபோது, அவர் கட்டியெழுப்பிய அலுவலகமே அவர்களை எதிர்கொண்டது.

அவர் காலத்து உடன்படிக்கை, 1951 ஜனவரி 1 ஆம் திகதிக்கு முந்திய நிகழ்வுகளால் அகதியானோரையே காத்தது. அவ்வரம்பை 1967 ஆம் ஆண்டின் நெறிமுறை நீக்கியது. 1983 இன் பின் புறப்பட்ட நம்மவர் அவ்வுடன்படிக்கையின்கீழ் தஞ்சம் கோர முடிந்தது அதனாலேயே. மூன்றாண்டில் மூடப்படுமென்று எண்ணப்பட்ட அலுவலகத்தின் கால எல்லையை 2003 இல் பொதுச்சபை அகற்றியது. அகதிகள் உள்ளவரை அது நீடிக்கும். அதனை எண்ணி மகிழ்வதா, வருந்துவதா என்று நாம் அறியோம்; எனினும் அந்த ஒல்லாந்தருக்கு நாம் நன்றியுடையோம்.