பிந்தி வந்து முந்தியவர்

கோல்ஃப் விளையாட்டில் பந்தை இருநூறு கெஜம் பறக்கவிடுவதும் ஓர் அடிதான்; குழியருகே இரண்டடி உருட்டுவதும் ஓர் அடிதான். இந்த எளிய கணக்கை உணர்ந்து உயர்ந்தவர் வால்டர் டிராவிஸ்.

1862இல் ஆஸ்திரேலியாவில் பிறந்து, அமெரிக்காவில் குடியேறிய டிராவிஸ், கோல்ஃப் மட்டையை முதன்முதலாகப் பிடித்தது 1896இல். வயதோ முப்பத்து நான்கு! நீண்ட அடி அவருக்குக் கைவரவில்லை. ஆகவே குழியருகு ஆட்டத்தில் இடைவிடாது பயின்றார். 1900, 1901, 1903 ஆகிய ஆண்டுகளில், ஊதியம் கருதாது ஆடுவோருக்கான அமெரிக்க அமெச்சூர் பட்டம் அவரைச் சேர்ந்தது.

1904இல் இங்கிலாந்தின் சாண்ட்விச் திடலில், நெட்டடிக்குப் பெயர்பெற்ற எட்வர்ட் பிளாக்வெல்லை இறுதியாட்டத்தில் வென்று, பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தைக் கடல்கடந்து கொண்டுசென்ற முதல்வரானார். அன்று அவருக்குக் கைகொடுத்தது, தலையின் நடுப்பகுதியில் காம்பு பொருத்திய, இரவல் வாங்கிய உருட்டுமட்டை! 1910இல் அவ்வகை மட்டைக்கு பிரிட்டனில் தடை வந்தது. மட்டையைத் தடுக்கலாம், பயிற்சியைத் தடுக்க யாரால் இயலும்? 1915இல், ஐம்பத்து மூன்றாம் வயதில், நியூயார்க் வட்டார அமெச்சூர் பட்டத்தை மீண்டும் வென்றார். 1927இல் மறைந்தார்.

கோல்ஃப் திடலையே காணாத நம் மாணவ நண்பர்களுக்கும் அவர் வாழ்வு வழிகாட்டும்: இல்லாத வலிமைக்கு ஏங்காமல், இயன்ற சிறு செயலைப் பிழையறப் பழகுவோம்!