பஞ்சத்தை வரைந்த ஸைனுல் ஆபிதீன்

கடல் கொண்டுபோகும் உயிர்களைப் பற்றித் தீவக மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1964 டிசம்பரில் வட இலங்கையைத் தாக்கி, பாக்குநீரிணையைக் கடந்து, தனுஷ்கோடியை அழித்த சூறாவளியை நெடுந்தீவின் முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய சாவைத் தம் கலையின் பொருளாக்கியவர் வங்க ஓவியர் ஸைனுல் ஆபிதீன்.

1914இல் கிஷோர்கஞ்சில் பிறந்த அவர், கல்கத்தா அரசினர் ஓவியப் பள்ளியில் பயின்று அங்கேயே ஆசிரியரானார். பிரம்மபுத்திரா நதிக்காட்சிகளே தொடக்கத்தில் அவருக்குப் புகழ் தந்தன. 1943ஆம் ஆண்டுப் பஞ்சம் அவரை வேறு வழியில் திருப்பியது. யுத்தகால விலையேற்றத்தோடு, ஜப்பானியருக்கு அஞ்சிய ஆங்கில அரசு வங்கக் கரையோரப் படகுகளையும் பறித்தது. படகின்றிக் கரையோர மக்கள் எவ்வாறு பிழைப்பது? கல்கத்தா வீதிகளில் வீழ்ந்து மடிந்தோரையும், குப்பையில் காகத்தோடும் நாயோடும் உணவு தேடியோரையும் மலிவான பொதித்தாளில் கறுப்பு மையால் தீட்டினார். வர்ணம் சேர்க்கவில்லை, சேர்த்திருந்தால் அது பொய்யாகியிருக்கும். உருவம் வரைதல் பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும், ஆட்சியாளர் மறைக்க முயன்ற மரணங்களுக்கு இச்சித்திரங்கள் சாட்சியாயின என்பதை மறுக்க இயலாது.

1948இல் டாக்காவில் ஓவியக் கல்லூரியை நிறுவினார். 1970 நவம்பர்ச் சூறாவளியின்பின் மன்புரா தீவுக்குச் சென்றவர், அங்கே குவிந்து கிடந்த சடலங்களை ஏறத்தாழ 30 அடி நீளச் சுருளில் வரைந்தார்.

புற்றுநோயுற்று மருத்துவமனையில் கிடந்தபோதும் இரு மனித முகங்களைத் தீட்டினார். 1976 மே 28இல் காலமான அவர், டாக்கா பல்கலைக்கழகப் பள்ளிவாசலருகே நல்லடக்கம் செய்யப்பட்டார். மூன்று மாதங்களில் கவிஞர் நஸ்ருல் இஸ்லாமும் அவ்விடத்திலேயே அடக்கமானார்.