கணியன் கண்ட தமிழாசிரியர்

தென்காசி மாவட்டத்தில், குற்றாலத்திற்கு அண்மையில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்துள்ள சிற்றூர் மத்தளம்பாறை. பன்னாடுகளிலும் பயன்படும் மென்பொருள்கள் இன்று இவ்வூரில் உருவாகின்றன. மென்பொருள் என்பது பெருநகரங்களுக்கே உரியது என்னும் எண்ணம் இதனால் அகன்றுள்ளது. எனினும், ஒரு மென்பொருளை முதன்முதலாக உருவாக்க விரும்பும் மாணவர் உள்ளத்தில், எங்கிருந்து தொடங்குவது என்னும் வினா எழுவது இயல்பு. இவ்வினாவுக்கு விடை கூறும் வாழ்வு, சிங்கப்பூர்த் தமிழாசிரியர் நா. கோவிந்தசாமியின் வாழ்வு ஆகும்.

ஆசிரியர், எழுத்தாளர்

நா. கோவிந்தசாமி 1946ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் சிங்கப்பூரில் பிறந்தார். பள்ளி ஆசிரியராகப் பணியைத் தொடங்கிய அவர், பின்னர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தேசியக் கல்விக்கழகத்தில் தமிழ் விரிவுரையாளராக விளங்கினார். உள்ளொளியைத் தேடி என்னும் தொகுப்பு உள்ளிட்ட படைப்புகளால் சிறந்த சிறுகதையாசிரியராகவும் அறியப்பட்டார். மொழியைக் கற்பிப்பதும் மொழியில் படைப்பதுமே அவர்தம் வாழ்க்கைப் பணிகள். அப்பணிகளே அவரைக் கணினியின்பால் ஈர்த்தன. ஆங்கிலத்தை எளிதாக ஏற்ற கணினி, தமிழையும் அவ்வாறே ஏற்க வேண்டும் என்பது அவருடைய வேட்கை. அவ்வேட்கையின் விளைவே கணியன் என்னும் தமிழ் மென்பொருள். அப்பெயர், சங்கப் புலவர் கணியன் பூங்குன்றனாரையும் கணித்தல் என்னும் செயலையும் ஒருங்கே நினைவூட்டுவது.

உறுப்புகள் மூன்று

அக்காலத்தில் தமிழ் மென்பொருள் ஒன்றை முழுமையாக உருவாக்க, மூன்று சிக்கல்களுக்குத் தீர்வு காணவேண்டியிருந்தது.

முதலாவது, குறியீடு. கணினிக்கு எழுத்துகள் தெரியா, எண்களே தெரியும். எட்டு இருமங்களைக் கொண்ட முறையில் 256 இடங்களே உண்டு. அவற்றுள் முதல் 128 இடங்கள் ஆங்கிலத்திற்கு உரியன. எஞ்சிய 128 இடங்களுக்குள் தமிழின் 247 எழுத்துகளும் தனித்தனியே அடங்கா. எனவே, கால், கொம்பு முதலிய குறிகளைத் தனியே பிரித்து, வேண்டும்போது எழுத்துகளுடன் இணைக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது, எழுத்துரு. ஒவ்வோர் எண்ணுக்கும் உரிய வடிவத்தைத் திரையிலும் தாளிலும் பிழையின்றித் தோற்றுவிப்பது அதன் பணி.

மூன்றாவது, விசைப்பலகை. பழைய தட்டச்சுப்பொறியில் தென்காசி என்னும் சொல்லை அடிப்பவர், முதலில் கொம்பையும் அதன்பின் தகரத்தையும் அழுத்துவார். ஒலிப்புமுறையோ இதற்கு மாறானது. தகர மெய் முன்னும் எகர உயிர் பின்னும் ஒலிக்கின்றன. மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆகும் என்பது தமிழிலக்கணம். அந்நெறியைப் பின்பற்றினால், த், எ, ன், க், ஆ, ச், இ என்னும் ஏழு ஒலிகளே அச்சொல்லை எழுதப் போதும். உயிரும் மெய்யும் அறிந்த சிறுவரும் தமிழில் எழுதிவிடலாம். இந்த ஒலியியல் நெறியையே கோவிந்தசாமியின் விசைப்பலகை போற்றியது.

இம்மூன்றனுள் ஒன்று குறைந்தாலும் மென்பொருள் பயன்படாது. எழுத்துரு அழகாக இருந்தும் உள்ளிடும் வழி இல்லையெனில், அது வெறும் ஓவியமே ஆகும். கணியனின் சிறப்பு, அது ஒரு முயற்சியாக நின்றுவிடாமல் பிறர் எடுத்துப் பயன்படுத்தும் முழுமையை எய்தியது என்பதாகும்.

இணையத்தில் தமிழ்

1995ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள், சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளைக் கொண்ட இணையத்தளம் ஒன்றினை அந்நாட்டு அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். அதில் ஆங்கிலம், சீனம், மலாய் ஆகிய மொழிகளுடன் தமிழும் இடம்பெற்றது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் இணைந்து தமிழை இணையத்தில் ஏற்றிய பெருமை கோவிந்தசாமிக்கு உண்டு. இணையத்தில் தமிழ் தோன்றிய தொடக்கக்கால நிகழ்வுகளுள் இது குறிப்பிடத்தக்கது.

பொதுநெறி நாடிய உள்ளம்

அக்காலத்தில் தமிழ் மென்பொருள்கள் பல தோன்றின. ஒவ்வொன்றும் தனக்கெனத் தனிக் குறியீட்டைக் கொண்டிருந்தது. ஒன்றில் எழுதிய கட்டுரை மற்றொன்றில் பொருளற்ற குறிகளாகச் சிதறியது. தம் படைப்பே நிலைபெற வேண்டும் என்று ஒவ்வொருவரும் கருதியிருந்தால், இந்நிலை நீடித்திருக்கும். கோவிந்தசாமியோ, பல நாட்டு வல்லுநர்களும் ஒன்றுகூடிப் பொதுத்தரம் காண வழிவகுத்தார். 1997ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூரில் நடைபெற்ற முதல் தமிழ் இணைய மாநாட்டில் அவருடைய பங்கு பெரிது. அதன் தொடர்ச்சியாக 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாடு, விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் பொதுத்தரம் காண முனைந்தது.

அவ்வாண்டு மே 26ஆம் நாள், தம் ஐம்பத்து மூன்றாம் அகவையில், கோவிந்தசாமி மறைந்தார். அடுத்த மாதமே தமிழக அரசு, தமிழ்99 விசைப்பலகையைப் பொதுத்தரமாக அறிவித்தது. உயிரும் மெய்யும் இணையும் நெறியே அதற்கும் அடிப்படை. அவ்விசைப்பலகையில் குற்றாலம் என்று எழுதுவோர், றகரத்தை இருமுறை அழுத்தினால் போதும். முதல் றகரத்திற்குப் புள்ளி தானே அமையும். தமிழின் மெய்ம்மயக்க இலக்கணம் அங்கே நிரலாக மாறி இயங்குகிறது.

முதல் மென்பொருளை உருவாக்க முற்படும் மாணவர், புதுமையைத் தேடித் தொலைவில் அலைய வேண்டியதில்லை. தாம் நன்கறிந்த துறையில் தீராதிருக்கும் ஒரு சிறு தேவையைத் தேர்ந்து, அதன் உறுப்புகளைப் பகுத்தறிந்து, பயன்படுத்துவோர் கையில் சேரும்வரை பணியை முடிப்பதே தொடக்கம். கணியனைக் கண்டவர் நன்கறிந்திருந்த துறை, தமிழ்.