அடித்தள லேபில் ஓர் ஆராய்ச்சி மாணவர்

நம்மில் பலர் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் என்ன செய்தோம்? பெரியவர் சொன்னதைச் செய்தோம், நோட்டில் எழுதினோம், ரிப்போர்ட் அவர் பெயரில் போனது. அந்த வரிசையில் நமக்கெல்லாம் முன்னால் நிற்பவர் ஆல்பர்ட் ஷாட்ஸ்.

1920-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். விவசாயம் பார்க்கும் எண்ணத்தில்தான் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் மண்ணியல் படித்தார். ராணுவத்துக்குப் போய், முதுகுவலியால் 1943-ல் திரும்பி வந்தவரைப் பேராசிரியர் செல்மன் வாக்ஸ்மன் ஆராய்ச்சி மாணவராகச் சேர்த்துக்கொண்டார். மாதம் 40 டாலர்.

பெனிசிலின் அப்போதே வந்துவிட்டது. காசநோய்க் கிருமி மட்டும் அதற்கு மசியவில்லை. நுரையீரல் அரித்துப் போனவர்களுக்கு ஓய்வும் நல்ல காற்றும்தான் வைத்தியம். மண்ணில் வாழும் நுண்ணுயிரிகளிடம் இதற்கு மருந்து கிடைக்குமா என்று தேட ஷாட்ஸ் முன்வந்தார். ஆளைக் கொல்லும் கிருமியாச்சே! மேல்மாடியில் வைக்கப் பயந்து, அவரை அடித்தளத்து லேபுக்கு அனுப்பிவிட்டார்கள். ராத்திரி தூக்கமும் அங்கேதான். காய்ச்சி வடிக்கும் குடுவையில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுவிட்டுப் படுத்துக்கொள்வாராம்; திரவம் கோட்டுக்கு இறங்கினதும் காவலாள் எழுப்பிவிடணும். லெவல் அலாரம் வைத்துப் பழகிய நம்ம இன்ஸ்ட்ருமென்டேஷன்காரர்கள் இதை ரசிப்பார்கள்.

1943 அக்டோபர் 19 அன்று புது மருந்து கையில் இருப்பது அவருக்கு உறுதியானது. எரு போட்ட மண்ணிலிருந்து ஒன்று, கோழியின் தொண்டையிலிருந்து ஒன்று என இரண்டு நுண்ணுயிரிகள் அதைச் சுரந்தன. அதுதான் ஸ்ட்ரெப்டோமைசின். காசநோய்க் கிருமியையும் அது அடக்கியது. தனியாகக் கொடுத்தால் கிருமி பழகிவிடும், வேறு மருந்தோடு சேர்த்துத் தரணும் என்பது பின்னால்தான் தெரிந்தது.

1944 ஜனவரியில் வந்த கட்டுரையில் முதல் பெயர் ஷாட்ஸ், அடுத்து எலிசபெத் பூஜி, கடைசியில் வாக்ஸ்மன். காப்புரிமையில் பூஜி பெயரே இல்லை. ஷாட்ஸ் தன் உரிமையை ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தார். புகழ் முழுக்க வாக்ஸ்மனுக்கே போயிற்று. ராயல்டியில் அவருக்குத் தனிப் பங்கு போவதும் பிறகு தெரிந்தது. 1950-ல் ஷாட்ஸ் தன் குருவின் மேலேயே வழக்குப் போட்டார். அதே வருஷம் சமரசம். இணைக் கண்டுபிடிப்பாளர் என்ற அங்கீகாரமும் ராயல்டியில் 3 சதவீதமும் கிடைத்தன. ஆனால் 1952-ல் நோபல் பரிசு வாக்ஸ்மன் ஒருவருக்குத்தான்.

வாக்ஸ்மனை வில்லனாக்க எனக்கு மனசு வரவில்லை. மண்ணுயிரிகளை வரிசையாகச் சோதிக்கும் முறையே அவர் வளர்த்தது. ஆனால் அந்த அடித்தளத்தில் கிருமியோடு படுத்துக் கிடந்தது அவர் இல்லையே.

வழக்குப் போட்டவர் என்ற பெயர் ஷாட்ஸை விடவில்லை. பெரிய லேப் எதிலும் நிலைக்க முடியாமல் 1962-ல் சிலி வரை போய்ப் பாடம் நடத்தினார். படித்த கல்லூரியின் பதக்கம் வந்து சேர்ந்தது 1994-ல், அவருக்கு 74 வயதில். 2005-ல் காலமானார். அவருடைய லேப் நோட்டு ரட்கர்ஸ் ஆவணங்களில் இருக்கிறது. 11-ஆவது சோதனை, 1943 ஆகஸ்ட் 23, அவர் கையெழுத்திலேயே.