கொசுக்கடிக் களிம்பும் ரொட்டிப் பூஞ்சணமும்: யார் இந்தப் பெர்சி ஜூலியன்?

தோல் அரிப்புக்கு மருந்தகத்தில் ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு வாங்கியிருப்பீர்கள். சின்ன டியூப், சில வெள்ளி, அவ்ளோதான். ஆனால் 1949இல் அதன் நெருங்கிய உறவான கார்ட்டிசோன் ஒரு கிராம் சுமார் 200 அமெரிக்க டாலர்!

அந்த விலை இறங்கிய கதையில் இரண்டு பேருக்குப் பங்குண்டு. ஒருவர் பெர்சி ஜூலியன். இன்னொன்று... பூஞ்சணம். ஆமாம், பழைய ரொட்டியில் கறுப்பாகப் பூக்குமே, அதன் உறவுக்கார வகைதான்.

ஜூலியன் 1899இல் அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில் பிறந்தார். தாத்தா பாட்டி அடிமைகளாக இருந்தவர்கள். அந்த ஊரில் கறுப்பினப் பிள்ளைகள் முழு உயர்நிலைக் கல்வி பெற வழியில்லை. அதனால் டிபாவ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகு பள்ளிப் பாடத்தையும் சேர்த்தே படித்தார். 1920இல் வகுப்பிலேயே முதல் மாணவராக வெளியே வந்தார். முனைவர் பட்டத்துக்குக் கடல் தாண்டி வியன்னாவுக்குப் போக வேண்டியிருந்தது. அது கிடைத்தது 1931இல்.

திறமை இருந்தும் பல கதவுகள் மூடியே இருந்தன. 1936இல் சிகாகோவின் கிளிடன் நிறுவனம்தான் சோயா ஆய்வுக்கு அவரை எடுத்துக்கொண்டது. அங்கேதான் அதிர்ஷ்டம் ஒழுகியது. நிஜமாகவே ஒழுகியது! சோயா எண்ணெய்த் தொட்டிக்குள் தண்ணீர் கசிந்து, வெள்ளையாக ஏதோ படிந்துவிட்டது. மற்றவர்களுக்கு அது கெட்டுப்போன எண்ணெய். ஜூலியனுக்கோ அது ஸ்டீராய்டு செய்யத் தேவையான மூலப்பொருள். அதிலிருந்து புரொஜெஸ்ட்ரோன் ஹார்மோனைப் பெரிய அளவில் தயாரித்தார்.

1949இல் முடக்குவாத நோயாளிகள் கார்ட்டிசோன் ஊசிக்குப் பிறகு எழுந்து நடந்த செய்தி உலகையே உலுக்கியது. சிக்கல் என்னன்னா, மருந்து மாட்டுப் பித்தநீரிலிருந்து வந்தது. 30க்கும் மேற்பட்ட படிகள். எத்தனை மாடு இருந்தால் போதும்?

ஜூலியன் சோயாவிலிருந்து 'எஸ்' என்ற கூட்டுப்பொருளை மலிவாகச் செய்தார. ஹைட்ரோகார்ட்டிசோனுக்கும் அதற்கும் ஒரே ஓர் ஆக்சிஜன் அணுதான் வித்தியாசம். ஆனால் அந்த அணு உட்கார வேண்டிய இடம் 11ஆம் கார்பன். மூலக்கூறின் நடுவில், வேதிப்பொருள்கள் எளிதில் தொட முடியாத மூலை அது.

மனிதர் தடுமாறிய இடத்தில் பூஞ்சணம் புகுந்தது. 1952இல் அப்ஜான் நிறுவனத்தின் டூரி பீட்டர்சனும் ஹெர்பர்ட் மரேயும் ரைசோபஸ் பூஞ்சணத்துக்குப் புரொஜெஸ்ட்ரோனைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதன் நொதி ஒரே படியில் ஆக்சிஜனை அதே 11ஆம் கார்பனில் ஒட்டிவிட்டது. பிறகு கர்வுலேரியா என்ற பூஞ்சணம் 'எஸ்'ஸை நேரடியாக ஹைட்ரோகார்ட்டிசோனாகவே மாற்றியது. கார்ட்டிசோன் விலை கிராமுக்கு 6 டாலராகச் சரிந்தது, பின்னர் இன்னும் கீழே. ஜூலியன் பாதித் தூரம் கொண்டுவந்த பொருளை, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கரை சேர்த்தன என்று சொன்னால் மிகையில்லை.

அதே காலத்தில் அவருடைய வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? சிகாகோ அருகே ஓக் பார்க்கில் 1950இல் வீடு வாங்கினார். குடியேறும் முன்பே, நன்றி தெரிவிக்கும் நாளன்று யாரோ தீ வைத்தார்கள். 1951இல் டைனமைட் வீசினார்கள், பிள்ளைகள் வீட்டில் இருந்தபோது! அவர் இரவில் விழித்திருந்து காவல் காத்தார். வீட்டை விட்டு மட்டும் போகவில்லை.

பின்னர் சொந்த நிறுவனம் தொடங்கி, 1961இல் அதை 20 லட்சம் டாலருக்கும் அதிகமாக விற்றார். 1973இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. 1975இல் காலமானார்.

ஓக் பார்க்கில் இன்று ஒரு நடுநிலைப் பள்ளிக்கு அவர் பெயர்.