மேடைக்கு மதிப்புத் தேடித் தந்தவர்

நுழையும்முன்

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாகப் பகுத்துப் போற்றிய சமூகம், ஒரு காலத்தில் நாடகம் நடித்தவர்களைப் போற்றவில்லை. கூத்தாடி என்னும் சொல் வசையாக வழங்கிய அந்நாளில், வழக்கறிஞராக விளங்கிய ஒருவர் தாமே அரிதாரம் பூசி மேடையேறினார். பின்னர் நீதிபதியான போதும் நாடகத்தின்மீது கொண்ட பற்றை அவர் விடவில்லை. நாடகப் பேராசிரியர் என்று போற்றப்படும் பம்மல் சம்பந்தனாரே அவர். அவருடைய வாழ்வும் பணியும் இப்பாடத்தில் இடம்பெறுகின்றன.

இளமையும் கல்வியும்

பம்மல் சம்பந்தனார் 1873ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தார். தந்தையார் விசயரங்கனார், தாயார் மாணிக்கவேலம்மாள். தந்தையார் கல்வித்துறையில் பணியாற்றியவர். ஆதலால், வீட்டில் நூல்களுக்குக் குறைவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சம்பந்தனார், பின்னர்ச் சட்டம் கற்று வழக்கறிஞரானார்.

இளமையில் அவருக்கு ஆங்கில நாடகங்களின்மீதே ஈடுபாடு மிகுந்திருந்தது. தமிழ் நாடகங்களை அவர் பொருட்படுத்தவில்லை. அக்காலத் தமிழ் நாடகங்களில் பாட்டே முதன்மை பெற்றது. உரையாடல் இடையிடையே வந்துபோயிற்று. நாடகங்கள் இரவு முழுவதும் நீண்டன. கற்றவர்கள் அவற்றைக் காண்பதையே இழிவாகக் கருதினர்; நடிப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

திருப்புமுனை

1891ஆம் ஆண்டு, பல்லாரி கிருஷ்ணமாச்சாரியாரின் சரச விநோதினி சபையினர் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடித்தனர். அவற்றைக் கண்ட சம்பந்தனார் வியப்புற்றார். நடிப்பின் திறம் மட்டும் அவ்வியப்பிற்குக் காரணமன்று. நடித்தவர்கள் கற்றவர்கள், சமூகத்தில் மதிப்போடு வாழ்ந்தவர்கள். தெலுங்கில் இயலுமாயின் தமிழில் ஏன் இயலாது என்னும் எண்ணம் அந்த இளைஞரின் உள்ளத்தில் வேர்விட்டது.

அவ்வாண்டு சூலைத் திங்களில், நண்பர்கள் சிலரோடு கூடிச் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு அகவை பதினெட்டு. சுந்தரனாரின் 'மனோன்மணீயம்' வெளிவந்ததும் அதே 1891ஆம் ஆண்டில்தான். கற்போர் படித்துச் சுவைக்கத்தக்க கவிதை நாடகம் கிடைத்த ஆண்டிலேயே, கற்றோர் நடிக்கத்தக்க மேடையும் தமிழுக்குக் கிடைத்தது.

சபையின் ஒழுங்கு

சபையைத் தொடங்கியதும் நடிப்பதற்குத் தகுந்த நாடகங்கள் இல்லாத குறை புலப்பட்டது. அக்குறையைத் தாமே எழுதித் தீர்க்க முற்பட்டார். 'புஷ்பவல்லி' அவர்தம் முதல் நாடகம். எழுதுவது, பாத்திரங்களுக்கு ஏற்றவரைத் தேர்ந்தெடுப்பது, பயிற்றுவிப்பது, ஒத்திகை நடத்துவது, மேடையை அமைப்பது, தாமும் நடிப்பது என எல்லாப் பொறுப்பையும் அவரே ஏற்றார்.

ஒத்திகைக்கு வராதவர் எத்துணைப் பெரியவராயினும் அவர் பொறுத்துக்கொள்வதில்லை. குறித்த நேரத்தில் திரை உயர வேண்டும். ஒவ்வொருவரும் தம் வசனத்தைப் பிழையின்றி மனத்தில் கொண்டிருக்க வேண்டும். ஊதியம் பெறாமல் ஆர்வத்தால் நடிப்பவர்களிடம் இத்தகைய கட்டுப்பாட்டை எதிர்பார்ப்பது எளிதன்று. பொழுதுபோக்காக நடிப்பவரும் தொழிலாகக் கருதி உழைத்தால்தான் கலை மதிப்புப் பெறும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். வழக்கறிஞர்களும் அரசு அலுவலர்களும் அச்சபையின் உறுப்பினராயினர். விடுதலைப் போராட்ட வீரர் சத்தியமூர்த்தியும் அதன் மேடையில் நடித்தார். சென்னை விக்டோரியா பொது மண்டபம் அச்சபையின் நாடகங்களுக்குக் களமாயிற்று.

அச்சபையில் பெண் வேடங்களையும் ஆடவரே புனைந்தனர். சம்பந்தனார் தலைவனாகத் தோன்றிய நாடகங்கள் பலவற்றில் தலைவியாக நடித்தவர் அவர்தம் உயிர்நண்பர் ரங்கவடிவேலு. அவரும் வழக்கறிஞரே. நண்பரின் நடிப்பாற்றலை மனத்தில் கொண்டே சம்பந்தனார் பெண் பாத்திரங்கள் பலவற்றைப் படைத்தார். அந்நண்பரின் மறைவு அவர் வாழ்வில் ஆறாத துயராக நிலைத்தது.

படைப்புகள்

சம்பந்தனார் எழுதிய நாடகங்கள் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டவை. பாட்டைக் குறைத்து உரையாடலுக்கு முதலிடம் தந்ததும், நாடகத்தைச் சில மணி நேரத்திற்குள் அடக்கியதும் அவர் செய்த மாற்றங்களுள் தலையாயவை. இன்பமாகவே முடித்துப் பழகிய மேடையில், துன்பியல் முடிவுடைய 'கள்வர் தலைவன்' நாடகத்தை அளித்தார். பொய்யே பேசாத அரிச்சந்திரனின் கதையைத் தலைகீழாக்கி, மெய்யே பேசாத ஒருவனைத் தலைவனாக்கிச் 'சந்திரஹரி' என்னும் நகைச்சுவை நாடகம் படைத்தார். தலைவனும் வேலையாளும் ஒரே பெயர் தாங்கிய 'சபாபதி' நாடகம் இன்றும் சிரிப்பை வரவழைப்பது.

அவர் நாடகங்களுள் பெரும்புகழ் பெற்றது 'மனோகரா'. வசந்தசேனையின் வலையில் வீழ்ந்த அரசனால் அரசி பத்மாவதி இழிவுக்கு உள்ளாகிறாள். வீரமும் சினமும் நிறைந்த மகன் மனோகரன், தாயின் கட்டளைக்காகத் தன் கையைக் கட்டுப்படுத்திக்கொள்கிறான். சங்கிலியால் பிணிக்கப்பட்டு நிற்கும் அவனுடைய உள்ளப் போராட்டமே அந்நாடகத்தின் உயிர்நாடி.

சேக்சுபியரின் நாடகங்களையும் அவர் தமிழ் மண்ணுக்கு ஏற்பத் தழுவி எழுதினார். ஒலியொப்புமை நோக்கி அவர் சூட்டிய பெயர்கள் நயமானவை. ஆம்லெட், 'அமலாதித்யன்' ஆனான்; மாக்பெத், 'மகபதி' ஆனான்; சிம்பலின், 'சிம்ஹளநாதன்' ஆனான்; வெனிசு நகர வணிகன், 'வாணீபுரத்து வணிகன்' ஆனான். அமலாதித்யனாக அவர் நடித்த நடிப்பு பெரும்பாராட்டைப் பெற்றது.

சபைக்கு வெளியே

சுகுண விலாச சபை நகரத்துக் கற்றோரின் சபை. ஊர்தோறும் சென்று தமிழ் நாடகத்தை எளிய மக்களிடையே வாழவைத்தவர்கள் சங்கரதாசு சுவாமிகளைப் போன்றோரும் தொழில்முறை நாடகக் குழுவினருமே. அவர்தம் உழைப்பின்றித் தமிழ் நாடக வரலாறு இல்லை. அத்தகைய குழுக்கள் சம்பந்தனாரின் நாடகங்களையும் ஏற்று நடித்தபோது, நகரத்து மேடையில் பிறந்த படைப்புகள் நாடெங்கும் பரவின. தி.க. சண்முகம் உடன்பிறந்தோர் 'மனோகரா'வை நடித்துப் புகழ்பெற்றனர். கடல் கடந்து ஈழத்திலும் அவர் செல்வாக்குப் பரவியது. யாழ்ப்பாணத்து நாடகக் கலைஞர் கலையரசு சொர்ணலிங்கம் சம்பந்தனாரைத் தம் குருவாகக் கொண்டார்.

திரைப்படக் கலை வளர்ந்தபோது அவர் கதைகள் அங்கும் இடம்பெற்றன. 'சபாபதி' 1941இல் திரைப்படமாயிற்று. 1936இல் திரைக்கு வந்த 'மனோகரா', 1954இல் மு. கருணாநிதியின் உரையாடலோடும் சிவாஜி கணேசனின் நடிப்போடும் மீண்டும் வந்து தமிழகத்தை ஈர்த்தது.

நீதிபதியும் நடிகரும்

1924ஆம் ஆண்டு சம்பந்தனார் சென்னைச் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியானார். நடிகர் என்பதால் அவருடைய நடுநிலைமை குறையவில்லை. நீதிபதி என்பதால் அவருடைய கலைப்பற்றும் குன்றவில்லை. நடிப்பவன் நன்மதிப்பிற்கு உரியவன் அல்லன் என்ற எண்ணத்திற்கு, அவர் வாழ்க்கையே விடையாக அமைந்தது.

தம் பட்டறிவை அடுத்த தலைமுறைக்கு விட்டுச்செல்லவும் அவர் தவறவில்லை. ஆறு பகுதிகளாக அமைந்த 'நாடக மேடை நினைவுகள்', ஒரு தனிமனிதரின் நினைவுக்குறிப்பாக மட்டும் அல்லாமல், அக்காலத் தமிழ் மேடையின் வரலாற்று ஆவணமாகவும் திகழ்கிறது. 1959ஆம் ஆண்டு நடுவண் அரசு பத்மபூசண் விருதளித்து அவரைச் சிறப்பித்தது. 1964ஆம் ஆண்டு, தம் 91ஆம் அகவையில் அவர் மறைந்தார்.

இன்று பள்ளி ஆண்டுவிழா மேடையில் ஒரு மாணவர் வேடம் புனைகிறார். பெற்றோர் முன்வரிசையில் அமர்ந்து பெருமிதத்தோடு காண்கின்றனர். முத்தமிழுள் ஒன்றான நாடகத்திற்கு அதன் பழம்பெருமையை மீட்டுத் தர உழைத்தவர்களுள் பம்மல் சம்பந்தனாருக்குத் தனியிடம் உண்டு.